கல்வி வளாகங்களைக் காத்தலும் பயன்படுத்தலும்: அகமதாபாத் தரும் பாடம்

பழங்கட்டடங்களைப் பாதுகாப்பது என்றவுடன் கோயில், கோட்டை, அரண்மனை ஆகியவையே பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. பள்ளிகளும் கல்லூரிகளும் அந்த வரிசையில் எளிதில் இடம் பெறுவதில்லை. அவை அன்றாடம் புழக்கத்தில் உள்ளவை. மணியடித்தால் நிறைவதும் மீண்டும் மணியடித்தால் காலியாவதுமாக இருப்பவை. அவற்றைக் காக்கவேண்டிய செல்வமாக எண்ணிப் பார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

விடுதலைக்குப்பின் எழுந்த கல்விக் கட்டடங்களின் நிலை இன்னும் இக்கட்டானது. தொல்சின்னம் என்று போற்றப்பட அவற்றுக்கு வயது போதாது. புதியவை என்று கொள்ளவும் இயலாது. ஐம்பது அறுபது ஆண்டுகள் வெயிலையும் மழையையும் தாங்கி நின்றபின், பெரிய அளவில் பழுதுபார்க்க வேண்டிய பருவத்தை அவை இப்போது எட்டியிருக்கின்றன. மாணவர் எண்ணிக்கை பெருகிவிட்டது, தேவைகளும் மாறிவிட்டன. இந்நிலையில் ஒரு கட்டடத்தைப் பழுதுபார்ப்பதா, வேறு பணிக்கு மாற்றுவதா, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா என்னும் வினா நாட்டின் பல வளாகங்களில் எழுந்துள்ளது. இந்த வினா எவ்வளவு கடினமானது என்பதை அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது.

வளாகம் உருவான வரலாறு

அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம் 1961 டிசம்பரில் தொடங்கப்பட்டது. மத்திய அரசு, குஜராத் அரசு, தொழில்துறையினர் ஆகியோரின் கூட்டு முயற்சியால் அது உருவாயிற்று. விஞ்ஞானி விக்ரம் சாராபாய், ஆலை அதிபர் கஸ்தூர்பாய் லால்பாய் ஆகியோர் அதன் தோற்றத்தில் முக்கியப் பங்கு கொண்டனர். அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஒத்துழைப்பும் தொடக்க ஆண்டுகளில் கிடைத்தது.

வளாகத்தை வடிவமைக்கும் பணிக்கு அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் அழைக்கப்பட்டார். அவரை அழைக்கலாம் என்று கூறியவர் அகமதாபாத்தில் பணியாற்றிவந்த பாலகிருஷ்ண தோஷி. பிற்காலத்தில், 2018-இல், கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசைப் பெற்ற முதல் இந்தியர் இவரே. லூயி கான் 1962-இல் பணியை ஏற்றார். அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் அகமதாபாத்துக்குப் பலமுறை வந்து சென்றார். 1974 மார்ச்சில் அகமதாபாத்திலிருந்து திரும்பும் வழியில் நியூயார்க் ரயில் நிலையத்தில் அவர் மாரடைப்பால் காலமானார். எஞ்சிய பணிகளை அவருடன் பணியாற்றிய அனந்த் ராஜே தொடர்ந்தார். வங்கதேச நாடாளுமன்றக் கட்டடத்தையும் அதே காலத்தில் வடிவமைத்த ஒரு கலைஞரின் முதன்மையான படைப்புகளில் ஒன்று இவ்வாறு இந்திய மண்ணில் நிலைபெற்றது.

கட்டடத்தின் தனித்தன்மை

இவ்வளாகத்தின் தனித்தன்மை பார்வைக்கு மட்டும் உரியதன்று. அது கட்டும் முறையிலேயே அமைந்துள்ளது. பூச்சு இல்லாத செங்கற்சுவர்கள், அச்சுவர்களில் பெரிய வட்டத் திறப்புகள், அகலமான தட்டை வளைவுகள் ஆகியவை இதன் அடையாளங்கள். தட்டை வளைவு தன் பாரத்தால் இரு பக்கச் சுவர்களையும் வெளிப்புறமாகத் தள்ளும் இயல்புடையது. அந்தத் தள்ளுவிசையைத் தடுக்க, வளைவின் இரு கால்களையும் ஒரு கான்கிரீட் உத்தரம் இறுகப் பிடித்திருக்கிறது. செங்கல் அழுத்தத்தைத் தாங்குகிறது. கான்கிரீட்டும் அதனுள் உள்ள கம்பியும் இழுவிசையைத் தாங்குகின்றன. இரண்டும் சேர்ந்தே ஒரு வளைவாகச் செயற்படுகின்றன. ஆகவே ஒன்றில் பழுது நேர்ந்தால் மற்றதையும் அது பாதிக்கும்.

கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் வெப்பம் உள்ள ஊர் அகமதாபாத். அதனால் வெயில் நேராக அறைக்குள் விழாதபடி வெளிச்சுவருக்கும் அறைக்கும் இடையே ஆழமான தாழ்வாரங்கள் அமைக்கப்பட்டன. பதினெட்டு மாணவர் விடுதிகளும் மூலைவாட்டில் வரிசைப்படுத்தப்பட்டன. காற்று இடைவெளிகளின் ஊடே தடையின்றிச் செல்ல இது வழிசெய்தது. ஒவ்வொரு தளத்திலும் அறைகளுக்கு நடுவே மாணவர் கூடிப் பேசுவதற்கும் தேநீர் அருந்துவதற்கும் பொது இடம் விடப்பட்டது. வகுப்பறைகள் படிப்படியாக உயரும் இருக்கைகளுடன் அமைந்தன. ஒரு தொழில் நிறுவனத்தின் உண்மைச் சிக்கலை எடுத்துக்கொண்டு அனைவரும் விவாதிக்கும் கல்வி முறைக்கு, மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் காண்பது தேவை. கல்வி வகுப்பறையோடு முடிந்துவிடுவதில்லை. தாழ்வாரத்திலும் படிக்கட்டிலும் முற்றத்திலும் அது தொடர்கிறது என்னும் கருத்து வளாகம் முழுவதும் பரவியுள்ளது.

இத்தகைய கட்டடத்தை மாற்றியமைக்க விரும்புவோர் முதலில் உணரவேண்டியது இதுவே: இங்கு அலங்காரத்துக்கென்று தனியே ஒட்டப்பட்ட பகுதி எதுவும் இல்லை. பாரம் தாங்கும் சுவரே தோற்றத்தைத் தருகிறது. நிழல் தரும் திறப்பே அழகையும் தருகிறது. தோற்றத்தை மட்டும் காத்து அமைப்பை மாற்றுவதும், அமைப்பை மட்டும் காத்துத் தோற்றத்தை விடுவதும் இங்கு எளிதல்ல.

சிதைவின் காரணங்கள்

பூச்சு இல்லாத செங்கற்சுவருக்கு நீரே முதற்பகை. கூரைத் தளத்தில் கசியும் நீரும், மழைநீர்க் குழாய்களில் வழியும் நீரும், நிலத்திலிருந்து ஏறும் ஈரமும் சுவருக்குள் செல்கின்றன. செங்கல்லிலும் சாந்திலும் உள்ள உப்புகள் அந்நீரில் கரைகின்றன. வெயிலில் நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கிப் படிகமாகிறது. மேற்பரப்பில் படிந்தால் அது வெண்பூவாகத் தெரியும், துடைத்துவிடலாம். மேற்பரப்புக்குச் சற்று உள்ளே படிகமானால், அது விரியும் வேகத்தில் செங்கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். உப்புப் பொரிந்த சுவர் என்று கொத்தனார்கள் குறிப்பிடும் நிலை இதுவே.

இரண்டாவது காரணம் இரும்பு. நிலநடுக்கத்தைத் தாங்குவதற்காகவும் பிற வலுவுக்காகவும் செங்கற்கட்டுமானத்திலும் கான்கிரீட்டிலும் வைக்கப்பட்ட கம்பிகளை ஈரம் எட்டும்போது துரு ஏறுகிறது. துருவின் பருமன் இரும்பின் பருமனைவிடப் பல மடங்கு அதிகம். உள்ளே இடமின்றி விரியும் துரு, சுற்றியுள்ள செங்கல்லையும் கான்கிரீட்டையும் பிளந்து வெளியே தள்ளுகிறது. கட்டடத்துக்கு வலுச்சேர்க்க வைக்கப்பட்ட பொருளே பராமரிப்புக் குறைந்தால் அதனைப் பிளக்கும் பொருளாகிவிடுகிறது.

மூன்றாவது காரணம் 2001 ஜனவரி 26 அன்று புஜ் பகுதியை மையமாகக் கொண்டு நேர்ந்த நிலநடுக்கம். அகமதாபாத்திலும் அடுக்குமாடிக் கட்டடங்கள் பல இடிந்து உயிரிழப்பு ஏற்பட்டது. மேலாண்மைக் கழகக் கட்டடங்கள் நின்றன; எனினும் சேதமின்றித் தப்பவில்லை. அந்த நிகழ்ச்சிக்குப்பின் குஜராத்தில் எந்தப் பொதுக் கட்டடத்தைப் பற்றியும் பாதுகாப்பு என்னும் வினாவை ஒதுக்கிவிட்டுப் பேச இயலாது.

நூலகம்: ஒரு முன்மாதிரி

கழகம் இச்சிக்கலை எதிர்கொள்ள 2014-இல் முறையான முயற்சியில் இறங்கியது. போட்டி முறையில் பாதுகாப்பு வல்லுநர்கள் அழைக்கப்பட்டனர். மும்பையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் பிருந்தா சோமயாவின் நிறுவனம் தேர்ந்தெடுக்கப்பட்டது. வளாகத்தின் நடுநாயகமாக விளங்கும் விக்ரம் சாராபாய் நூலகம் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டது. சிதைந்த செங்கற்கள் அகற்றப்பட்டு ஒத்த செங்கற்கள் பொருத்தப்பட்டன, கசிவுகள் தடுக்கப்பட்டன, இன்றைய வாசகர்களின் தேவைக்கேற்ப உட்பகுதி ஒழுங்குசெய்யப்பட்டது. நூலகம் நூலகமாகவே தொடர்ந்தது. 2019-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்று இப்பணிக்கு வழங்கப்பட்டது.

இதே கலைஞர் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வடிவமைத்த சால்க் உயிரியல் ஆய்வுக் கழகத்தின் அனுபவமும் இங்கு கருதத்தக்கது. அங்குள்ள தேக்குமரச் சாளரச் சுவர்கள் கடற்காற்றாலும் பூஞ்சையாலும் பூச்சிகளாலும் பழுதடைந்திருந்தன. கெட்டி பாதுகாப்பு நிறுவனத்துடன் இணைந்து முதலில் சிதைவின் காரணம் ஆராயப்பட்டது. அடுத்து, சில சாளரங்களில் சோதனைப் பணி நடந்தது. அதன் பின்னரே முழுப்பணி தொடங்கி 2017-இல் நிறைவுற்றது. அனைத்தையும் மாற்றிவிடலாம் என்று தொடக்கத்தில் எண்ணக்கூடிய நிலையிலிருந்தும், பழைய மரத்தின் பெரும்பகுதி காப்பாற்றப்பட்டது. காரணத்தை அறிந்தபின் மருந்து என்பதே இந்த முறை.

விடுதிகள் பற்றிய சர்ச்சை

அகமதாபாத்தில் விடுதிகளின் கதை வேறாக அமைந்தது. 2020 டிசம்பரில், பதினெட்டு விடுதிகளில் பதினான்கினை நீக்கிவிட்டுப் புதியவை கட்டும் எண்ணத்தைக் கழகம் வெளியிட்டது. கசிவும் விரிசலும் தளத்துண்டுகள் உதிர்தலும் மாணவர் குடியிருப்புக்கு ஆபத்து என்பது அதன் வாதம். இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் உள்ள கட்டடக் கலைஞர்கள், வரலாற்றறிஞர்கள், லூயி கானின் மக்கள் ஆகியோர் இதனை எதிர்த்தனர். 2021 ஜனவரி முதல் நாளில் அந்த அறிவிப்புத் திரும்பப் பெறப்பட்டது.

ஆனால் கட்டடத்தின் விரிசல்கள் அறிவிப்போடு மறைந்துவிடவில்லை. 2022 நவம்பரில், மறுசீரமைப்புப் பணியை நிறுத்துவதாகக் கழகம் தெரிவித்தது. கட்டடங்கள் வசிப்போருக்குப் பாதுகாப்பற்றவை என்னும் வல்லுநர் கருத்தை அது சுட்டிக்காட்டியது. சில கட்டடங்களை வெளித்தோற்றம் மாறாமல், உட்பகுதியை இன்றைய தேவைக்கேற்ப மாற்றி, மீண்டும் கட்டுவது என்னும் முடிவையும் வெளியிட்டது. எதிர்ப்பு மீண்டும் எழுந்தது.

இந்தச் சர்ச்சையில் இரு தரப்பும் கூறுவதில் உண்மை உண்டு. இரவில் ஒரு மாணவர் எந்தக் கூரையின் கீழ் உறங்குகிறாரோ அந்தக் கூரைக்கு நிறுவனமே பொறுப்பு. கலைப்பெருமையைக் காட்டி அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. அதே சமயம், இடிக்கப்பட்ட கட்டடத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. வெளித்தோற்றத்தை மட்டும் மீண்டும் எழுப்பினால், சுவரும் வளைவும் உத்தரமும் ஒன்றாக இயங்கும் அந்த அமைப்பு மறைந்து அதன் சாயல் மட்டுமே எஞ்சும். எதிர்கால மாணவர் காண்பது ஆவணமாக இராது. ஆவணத்தின் படியாகவே இருக்கும்.

பாதுகாப்பற்றது என்னும் சொல் ஒரு முழுக் கட்டடத்துக்கோ முழு வளாகத்துக்கோ ஒரே வீச்சில் பொருந்துவது அரிது. ஒரு விடுதியின் மேல்தளம் அபாயகரமாக இருக்க, அதன் தரைத்தளம் நல்ல நிலையில் இருக்கலாம். ஒரு தளம் பெயர்ந்து விழும் நிலையில் இருக்க, சுவர் உறுதியாக இருக்கலாம். முற்றிலும் காப்பது, முற்றிலும் இடிப்பது என்னும் இரு எல்லைகளுக்கு இடையே பல படிகள் உள்ளன. உடனடியாக மக்களை வெளியேற்றி முட்டுக்கொடுத்தல், கசிவை நிறுத்துதல், பகுதியளவில் வலுவூட்டுதல், சிதைந்த தளத்தை மட்டும் மாற்றுதல், குறைந்த பாரமும் குறைந்த நெரிசலும் உள்ள பணிக்கு ஒதுக்குதல் ஆகியவை அப்படிகள். ஒவ்வொரு படியையும் ஆராய்ந்து, ஏன் போதாது என்று காட்டிய பின்னரே அடுத்த படிக்குச் செல்வது முறையாகும்.

பயன் மாறிப் பிழைத்த கட்டடங்கள்

இந்தியாவில் கட்டடங்கள் பயன் மாறி நிலைத்ததற்குச் சான்றுகள் பல உள்ளன. லக்னோவில் உள்ள கான்ஸ்டான்ஷியா மாளிகை, பிரான்சின் லியோன் நகரில் பிறந்த கிளாட் மார்ட்டின் தமக்காகக் கட்டுவித்தது. ஐரோப்பியக் கோட்டை, அவத் மாளிகை, கல்லறை மாடம் ஆகிய பல சாயல்கள் கலந்த விந்தையான கட்டடம் அது. மேற்பகுதியில் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. 1800-இல் அவர் மறைந்தபின் உடல் அம்மாளிகையின் நிலவறையிலேயே அடக்கம் செய்யப்பட்டது. அவரது விருப்ப ஆவணத்தின்படி 1845-இல் அங்கு லா மார்ட்டினியர் பள்ளி தொடங்கிற்று. வீடாகவும் கல்லறையாகவும் எண்ணப்பட்டது, பள்ளியானதால் இன்றளவும் உயிருடன் உள்ளது.

சிம்லாவில் 1888-இல் முடிக்கப்பட்ட வைசிராய் மாளிகை, விடுதலைக்குப்பின் குடியரசுத் தலைவரின் கோடை இருப்பிடமாயிற்று. ஆண்டில் சில நாள்களே பயன்படும் அம்மாளிகையை அறிஞர்களின் ஆய்வுக்கு அளிக்கலாம் என்னும் கருத்து டாக்டர் ராதாகிருஷ்ணனுடையது. 1965-இல் அங்கு இந்திய உயர் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. நடன மண்டபமும் விருந்து மண்டபமும் நூலகமாயின. இம்மாளிகையின் கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வின். சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்தோடும் அவர் பெயர் இணைந்துள்ளது.

மேற்கு வங்கத்தில் கரக்பூரை அடுத்த ஹிஜ்லி தடுப்புமுகாம் மூன்றாவது சான்று. அங்கு 1931 செப்டம்பர் 16 அன்று விடுதலைப் போராட்டக் கைதிகள் மீது துப்பாக்கிச்சூடு நடந்து இருவர் உயிரிழந்தனர். இருபது ஆண்டுகள் கழித்து, 1951-இல், அதே கட்டடத்தில்தான் நாட்டின் முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கப்பட்டது. கழகம் வளர்ந்து புதிய கட்டடங்களுக்குச் சென்றபின் பழைய கட்டடம் கைவிடப்படவில்லை. 1990-இல் அங்கு நேரு அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகம் அமைந்தது. சிறை கல்லூரியாயிற்று, கல்லூரி அருங்காட்சியகமாயிற்று.

இம்மூன்றிலும் பொதுவான ஒன்று உண்டு. கட்டடத்தின் அளவுக்கும் அமைப்புக்கும் பொருந்தும் பணி தேடப்பட்டது. பெரிய மண்டபத்துக்கு நூலகம் பொருந்தியது. சிறிய அறைகளாகப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. பணியைக் கட்டடத்துக்கேற்ப அமைத்ததால் கட்டடத்தைப் பணிக்காக உடைக்க நேரவில்லை.

புதிய பணியைத் தேர்வதில் எச்சரிக்கை

பயன் மாற்றம் என்பது பெயர்ப்பலகையை மாற்றுவதன்று. அதற்குக் கணக்கு வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் நெறிமுறையின்படி குடியிருப்பு அறையின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோகிராம் பாரத்தைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும். நூல்களை அடுக்கிவைக்கும் அறைக்கு அது சுமார் 600 கிலோகிராம். எனவே மாணவர் விடுதியை ஆவணக் காப்பகமாக மாற்றினால் ஆள்கள் குறைவர். ஆனால் பாரம் மும்மடங்காகும். ஆபத்தைக் குறைக்கும் எண்ணத்தோடு செய்த மாற்றமே ஆபத்தைக் கூட்டிவிடக்கூடும். தரைத்தளத்தில் ஆவணங்களும் மேல்தளத்தில் ஆய்வாளர் அறைகளும் என்று பிரித்தால் அதே கட்டடம் தாங்கலாம். இத்தகைய நுட்பங்களைப் பொறியாளரும் கட்டடக் கலைஞரும் சேர்ந்து அமர்ந்தே முடிவு செய்ய இயலும்.

குளிர்சாதனம், மின்கம்பி, கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றிலும் இதே கவனம் தேவை. ஓர் அறைக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி என்று சுவரைத் துளைத்தால், அத்துளை வழியே நீர் நுழையும். பெட்டியிலிருந்து வடியும் நீரும் சுவரை நனைக்கும். ஒவ்வொரு அறைக்கும் குளியலறை சேர்த்தால், நீரைக் காணாத சுவர்கள் ஆண்டு முழுவதும் ஈரத்தில் இருக்கும். மாணவர்களின் வசதி புறக்கணிக்கப்பட வேண்டும் என்பது இதன் பொருளன்று. அதிக வசதி தேவைப்படும் குடியிருப்பைப் புதிய கட்டடத்தில் அமைத்து, பழையதற்கு எளிய பணியை அளிக்கலாம். அகமதாபாத் கழகமே சாலையின் மறுபுறத்தில் ஒரு புதிய வளாகத்தை எழுப்பிச் சுரங்கப்பாதையால் இரண்டையும் இணைத்துள்ளது. விரிவாக்கத்துக்குப் பழையதை அழிக்க வேண்டியதில்லை என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

சட்டத்தின் எல்லை

இக்கட்டடங்களைச் சட்டம் காக்காதா என்று கேட்கலாம். 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம், நூறாண்டுகளுக்குக் குறையாத கட்டடங்களையே தொல்சின்னமாகக் கொள்கிறது. விடுதலைக்குப்பின் எழுந்த எந்தக் கட்டடமும் இந்த வரம்புக்குள் இன்னும் வரவில்லை. 1972-இல் புதுதில்லியின் பிரகதி மைதானத்தில் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவலும் பொறியாளர் மகேந்திர ராஜும் உருவாக்கிய தேசங்களின் மண்டபம் 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்டது. அதன் வயது அப்போது நாற்பத்தைந்து.

எனினும் வயது ஒன்றே அளவுகோல் என்று கருதவேண்டியதில்லை. நூறாண்டு நிறையாத சண்டிகர் தலைமைச் செயலக வளாகம் 2016-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. மும்பை 1995-இல் மரபுக் கட்டடங்களுக்கான விதிமுறைகளைக் கொண்டுவந்தது. மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட மாதிரிக் கட்டட விதிகளிலும் மரபுக் கட்டடங்களைத் தரம் பிரித்துப் பட்டியலிடும் முறை கூறப்பட்டுள்ளது. உள்ளாட்சி அமைப்புகள் இதனை ஏற்றுப் பட்டியல் தயாரித்தால், இடிப்பு அறிவிப்பு வரும்முன்பே விவாதம் நடக்க வழியுண்டு. பட்டியல் இல்லாத ஊர்களில், கட்டடத்தின் மதிப்பு பற்றிய பேச்சு இடிக்கும் எந்திரம் வந்தபின்னரே தொடங்குகிறது.

நிர்வாகிகள் கருதவேண்டியவை

பழைய கல்வி வளாகங்களைப் பொறுப்பில் கொண்டுள்ள அலுவலர்களுக்கு இந்த அனுபவங்களிலிருந்து சில நடைமுறைகள் கிடைக்கின்றன.

முதலாவது, பதிவேடு. ஒவ்வொரு கட்டடத்துக்கும் மூல வரைபடம், கட்டிய ஆண்டு, பயன்படுத்திய பொருள், பின்னர் செய்த பழுதுபார்ப்பு ஆகியவை ஓரிடத்தில் இருக்கவேண்டும். வரைபடம் தொலைந்த கட்டடத்தைப் பழுதுபார்ப்பது, நோயாளியின் முந்தைய சிகிச்சையை அறியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, ஆண்டுதோறும் மழைக்கு முன்னும் பின்னும் பார்வையிடல். மேல்தளத்து நீர்வடிகாலில் அடைத்த இலைகளை அகற்றுவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அதனைச் செய்யாததால் பத்தாண்டுகளில் நேரும் சேதம் பல மடங்கு பணத்தை விழுங்கும். நடைமுறையில் பெரிய பணிகளுக்கு நிதி ஒதுக்கீடு கிடைப்பது எளிது; சிறு பராமரிப்புக்குக் கிடைப்பது கடினம். இந்த முரண்பாடு நீங்காதவரை எந்த விதிமுறையும் முழுப்பயன் தராது.

மூன்றாவது, பொருத்தமான பொருள். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவரின் இணைப்புகளைக் கடினமான சிமெண்டால் அடைத்தால், ஈரம் சாந்தின் வழியே வெளியேற முடியாமல் செங்கல்லின் வழியே வெளியேறும். சாந்துக்குப் பதில் செங்கல் உதிரும். சிமெண்டில் கட்டிய சுவருக்கு வேறு முறை வேண்டும். எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே ஒப்பந்தப்புள்ளி, ஒரே பொருள் பட்டியல் என்னும் வழக்கம் இங்கு தீங்கு விளைவிக்கும்.

நான்காவது, சோதனைப் பணி. முழு வளாகத்துக்கும் முடிவெடுக்கும்முன் ஒரு கட்டடத்தில், அல்லது ஓர் அறையில், பழுதுபார்த்து இரண்டு மூன்று மழைக்காலங்கள் கவனித்துப் பார்க்கவேண்டும்.

ஐந்தாவது, வெளிப்படைத்தன்மை. கட்டட உறுதி பற்றிய ஆய்வறிக்கை பொதுப்பணத்தில் தயாரிக்கப்படும்போது, அது பிற வல்லுநர்களின் பார்வைக்கும் வைக்கப்படுவது நல்லது. அறிக்கை சரியானதென்றால் எதிர்ப்பு தணியும். குறையிருந்தால் இடிப்புக்குமுன் அது வெளிப்படும்.

ஆறாவது, கைத்திறன். பூச்சில்லாத செங்கற்சுவரை ஒழுங்காகக் கட்டவும், வளைவு திருப்பவும் அறிந்த கொத்தனார்கள் குறைந்து வருகின்றனர். பழுதுபார்க்கும் பணியையே பயிற்சிக்களமாக்கினால், கட்டடத்தோடு தொழிலும் நிலைக்கும். பொறியியல் மாணவர்களும் தங்கள் வளாகத்தின் கட்டடத்தையே பாடமாகக் கொள்ளலாம். விரிசலை அளப்பதும் ஈரத்தைப் பதிவதும் அவர்களுக்குச் செய்முறைப் பயிற்சியாகும்.

நிறைவாக

கல்வி வளாகம் அருங்காட்சிப் பெட்டியன்று. அதனைப் பூட்டிவைத்துக் காக்க இயலாது. மாணவர்கள் வந்துபோகும் இடமாக இருப்பதே அதன் உயிர். ஆகவே பாதுகாப்பு, பயன், மரபு ஆகிய மூன்றும் அங்கு ஒன்றுக்கொன்று பகையாக நிற்கத் தேவையில்லை. காலத்தே செய்யும் பராமரிப்பு மூன்றையும் காக்கிறது. பராமரிப்புத் தவறும்போதே ஒன்றைத் தேர்ந்து மற்றதைக் கைவிடும் நிலை வருகிறது.

அகமதாபாத்தில் செங்கல்லும் வளைவும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்படி அறுபது ஆண்டுகளுக்குமுன் வடிவமைக்கப்பட்டன. ஏட்டில் எழுதப்படும் பெருமைகளைவிட, ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் மேல்தளத்துக்கு ஏறிச்சென்று வடிகாலைப் பார்த்துவரும் ஓர் ஊழியரின் கடமையுணர்வே அத்தகைய கட்டடங்களை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்க்கும். அந்த ஊழியருக்கு ஏணியும் நிதியும் நேரமும் கிடைக்கச் செய்வது நிர்வாகத்தின் பொறுப்பாகும்.